அசைந்தது எது

துருப்பிடித்த போல்ட்டில் பானாவை மாட்டி, அதன் வாலில் நாலடிக் குழாயைச் செருகி, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்துத் தொங்கும்போது ஒரு கட்டத்தில் குழாய் லேசாக நகரும். நட்டு கழலத் தொடங்கிவிட்டதா, போல்ட்டு முறுக்கேறி அறத் தொடங்கிவிட்டதா என்று அந்த நொடியில் கைக்குத் தெரியாது. இரண்டும் உள்ளங்கைக்கு ஒரே இளக்கமாகத்தான் வந்து சேரும். கைப்பழக்கம் உள்ளவர்கள் வித்தியாசம் உண்டு என்பார்கள். துரு விடும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும், மரையோரத்தில் செம்பொடி உதிரும், அதன்பிறகு பிடி சீராகக் குறையும், போல்ட்டு அறப்போகிறது என்றால் சத்தமே இருக்காது, இழுக்க இழுக்க இசைந்து வந்துகொண்டே இருக்கும். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்த வித்தியாசம் புலப்படுவதற்குள் போல்ட்டு தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப முடியாத எல்லையைத் தாண்டியிருக்கும். 8.8 ரகத்தைச் சேர்ந்த 16 மி.மீ. போல்ட்டை முறுக்க வேண்டிய அளவு ஏறக்குறைய 200 நியூட்டன் மீட்டர். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் நாலடிக் குழாயின் நுனியில் தொங்கினால் 700க்கு மேல் போய்விடும். அந்தப் போல்ட்டு தாங்கக்கூடியதற்கு வெகுவாக மேலே. துரு விடாவிட்டால் இரும்பு விட்டாக வேண்டும்.

பழைய லாரி அச்சைப் பிரித்துக் கட்டும் வேலையில் மற்ற சிரமங்கள் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு வழி இருக்கிறது. இந்த ஒரு சந்தேகம் மட்டும் வேலை முடிந்த பிறகும் கூடவே வருகிறது. கழன்று வந்தது முழுசாகத்தான் வந்ததா?

முன்னச்சை எடுத்துக்கொள்ளலாம். பழைய டாடா பென்ஸ் வண்டியோ லேலண்டு கோமெட்டோ, கட்டுமானம் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு முனையிலும் துளையிட்ட கனத்த இரும்பு பீம் ஒன்று, வார்த்தது அல்ல, பழுக்கக் காய்ச்சி அடித்துச் செய்தது. அந்தத் துளை வழியாகச் செங்குத்தாக இறங்கும் கிங்பின். அதைப் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் திரும்பும் ஸ்டப் ஆக்ஸில். அதன்மேல் ஹப், டிரம், சக்கரம். ஸ்டீரிங்கைத் திருப்பும்போது திரும்புவது ஸ்டப் ஆக்ஸில் மட்டுமே. கிங்பின் பீமுக்குள் அசையக் கூடாது. அசையாமல் இருக்கத்தான் பக்கவாட்டில் சரிவாகச் சீவிய ஒரு லாக் பின்னை அடித்து இறக்கி நட்டுப் போட்டிருப்பார்கள். கிரீஸ் நிப்பிள்கள் மேலே ஒன்று, கீழே ஒன்று. அவை மேல் புஷ்ஷுக்கும் கீழ் புஷ்ஷுக்கும் கிரீஸ் கொடுக்கும். நடுவில் பீமின் துளைக்கு எதுவும் கிடையாது. அசையாத இடத்துக்குக் கிரீஸ் எதற்கு என்ற கணக்கு அது. கணக்கில் பிழையில்லை. ஆனால் இருபது, முப்பது வருடம் கழித்துப் பின் வெளியே வர வேண்டிய நாளில் பிடித்துக்கொள்வது சரியாக அந்த இடம்தான். வாரம் தவறாமல் கிரீஸ் அடித்த வண்டியிலும் அங்கே துரு இருக்கும். பாரம் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னுக்கும் துளைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஓர் உரசல் நடந்துகொண்டே இருக்கிறது. அந்த உரசலில் பெயர்ந்த நுண்துகள் அங்கேயே துருவாகி, கோகோ நிறத்தில் மெல்லிய பொடியாகப் படிகிறது. வெளியேற அதற்கு வழியில்லை.

துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேண்டும். சாதாரணச் சிவந்த ஆக்ஸைடே தான் தின்ற இரும்பைப் போல் இரண்டு மடங்கு இடத்தை அடைக்கும். நீர் சேர்ந்த துரு வகைகள் மூன்று மடங்கு, அதற்கு மேலும் போகும். கடற்கரை ஊர்களில் பால்கனி விளிம்பின் சிமென்ட் வெடித்து உள்ளே கம்பி தெரிகிறதே, அது இந்த உப்பலால்தான். கான்கிரீட்டையே பிளக்கும் அந்த அழுத்தம், சுற்றிலும் கனத்த இரும்பு சூழ்ந்த நாற்பது மி.மீ. துளைக்குள் உருவானால் அதற்குப் போக இடமில்லை. பின்னையும் பீமையும் எதிரெதிரே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒட்டுகிற பசை எதுவும் அங்கே இல்லை. இருப்பது நெருக்கம் மட்டும். மேஸ்திரிகள் ‘ஜாம் ஆயிடுச்சு’ என்பது அதைத்தான்.

மீன் லாரிகளின் அடிப்பகுதியைப் பார்த்தவர்களுக்கு இதைக் கூடுதலாக விளக்க வேண்டியதில்லை. ஐஸ் உருகி, மீன் கழுவிய உப்புநீரோடு சேர்ந்து, பலகை இடுக்கு வழியாக வழியெல்லாம் சொட்டிக்கொண்டே வரும். அது விழுவது பட்டைக்கட்டின் மேல், யூ போல்ட்டின் மேல், பின்னச்சுக் கூட்டின் மேல். தூத்துக்குடி உப்பளத்து லோடு ஏற்றும் வண்டிகளுக்கும் இதே கதி. உப்பில் உள்ள குளோரைடு, இரும்பின்மேல் படியும் காப்பை நிலைக்க விடாது. ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த வண்டிகளின் யூ போல்ட்டுகளைக் கழற்றலாமா என்று யாரும் யோசிப்பதில்லை, நேராக அறுத்துவிடுகிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. யூ போல்ட்டு மாற்ற வேண்டிய பொருள். ஒருமுறை முறுக்கி நீண்டதை மறுபடி போடாமல் இருப்பதே நல்லது. எதை அறுக்கலாம், எதை அறுக்கக் கூடாது என்று பிரித்து வைப்பதுதான் இந்த வேலையின் முதல் பாதி. கிங்பின் போகலாம், புஷ் போகலாம், லாக் பின் போகலாம். பீம் போகக் கூடாது. அதனால் அடி, சூடு, அழுத்தம் எதுவானாலும், அது பின்னுக்குப் போய்ச் சேர்கிறதா பீமுக்கா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் மண்ணெண்ணெய். டீசல், பிரேக் ஆயில், கியர் ஆயிலோடு தின்னர் என்று ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு கலவை உண்டு. இப்போது சின்ன ஊர்க் கடைகளிலும் டப்ளியூ.டி. 40 டின் கிடைக்கிறது. 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் அதை உருவாக்கியவர்களின் நோக்கம் துருவைக் கழற்றுவது அல்ல. உலோகத்தின் மேலிருந்து நீரை விரட்டுவது. அட்லஸ் ஏவுகணையின் மேல்தோல் துருப்பிடிக்காமல் காக்க அதைப் பயன்படுத்தினார்கள். எந்தக் கலவையானாலும் செய்யக்கூடியது ஒன்றுதான்: மெல்லிய இடுக்கைத் தேடி உள்ளே ஏறுவது. கீழிருந்து மேலேயும் ஏறும், இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு தொலைவு ஏறும். ஆனால் நேரம் எடுக்கும். முந்தின நாள் சாயங்காலம் ஊற்றி, மூட்டைச் சுற்றித் துணி கட்டி, துணியையும் நனைத்துவிட்டுப் போனால் காலையில் அது பாதி வழிகூடப் போயிருக்காது. அங்கங்கே சுத்தியலால் தட்டிவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். தட்டும் அதிர்வில் துரு நுண்ணிய கீறலாக விரிந்து வழி விடும்.

சங்ககிரி, நாமக்கல் பக்கத்துப் பட்டறைகளில் இந்த இடத்தில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுபோலவே இருக்கும்.

“அண்ணா, கேஸ் வெச்சுடலாங்களா?”

“பொறு கண்ணு, இன்னும் ஊறட்டும்.”

“ஓனர் நாளைக்கு எஃப்.சி.ன்னு சொல்லிட்டுப் போறாருங்கண்ணா.”

மேஸ்திரி பதில் சொல்வதில்லை. பதில் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. எட்டு வருடம் தாண்டிய லாரிக்கு வருடாவருடம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அந்த நாளை ஒட்டித்தான் பெரும்பாலான அச்சு வேலைகள் பட்டறைக்கு வருகின்றன. வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் தவணை ஏறுகிறது, டிரைவரின் படி போகிறது. மண்ணெண்ணெய் இடுக்குக்குள் ஏறும் வேகத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பில்லில் கிங்பின் செட் ஒரு வரி, லேத் கூலி ஒரு வரி, பிரிச்சு மாட்டிய கூலி ஒரு வரி. ஊறவைத்த இரண்டு நாளுக்கு அங்கே வரி கிடையாது. காத்திருப்பது தெரிந்த மேஸ்திரிக்கு அந்தத் திறமையால் நஷ்டம்தான். பெரும்பாலான பீம்கள் கெடுவது அறியாமையால் அல்ல, அவசரத்தால் என்று அடித்துச் சொல்லலாம்.

சம்மட்டி அடி பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பின்னின் தலையில் நேராக ஓங்கி அடித்தால் தலை மலர்ந்து அகலமாகிவிடும். அகலமான தலை துளைக்குள் போகாது. அடித்தவரே தன் வழியை அடைத்துக்கொள்கிறார். லாக் பின்னின் நட்டை முழுவதும் கழற்றிவிட்டு அடித்தால் மரை நசுங்கி, அது ஒருபோதும் திரும்பி வராது. நட்டை முனையோடு சமமாக விட்டு, பித்தளைக் கட்டையை வைத்துத்தான் அடிக்க வேண்டும். லாக் பின் இன்னும் உள்ளே இருக்கிறது என்பதை மறந்து கிங்பின்னைப் பிரஸ்ஸில் ஏற்றுவதும் நடக்கிறது. ஐம்பது டன் அழுத்தத்தில் எல்லாமே ஏதாவது ஒரு திசையில் வழி கண்டுபிடிக்கும், துளையின் சுவரைக் கிழித்துக்கொண்டாவது. அனுபவசாலிகள் பிரஸ்ஸை நம்புவது வேறு விதமாக. பாதி அழுத்தத்தை ஏற்றி அப்படியே நிறுத்திவிட்டு, துளையைச் சுற்றியுள்ள கனத்த பகுதியில் எதிரெதிராக இரண்டு சுத்தியல் வைத்துத் தட்டுவார்கள். ஒருவர் தாங்கிப் பிடிக்க மற்றவர் அடிப்பார். அழுத்தம் காத்திருக்கும், அதிர்வு துருவை உடைக்கும், பின் தானாக ஓர் இழை இறங்கும். அதுவும் நடக்கவில்லை என்றால் பின்னின் நடுவில் நீளவாக்கில் துளை போட்டு அதன் நெஞ்சை வாங்கிவிடுவது உண்டு. உள்ளே வெற்றிடம் கிடைத்ததும் பின் சுருங்க இடம் கிடைக்கிறது, நெருக்கம் தளர்கிறது. அரை நாள் டிரில் வேலை அது, அலுப்பானது. ஆனால் பீமுக்கு எந்தத் தீங்கும் இல்லை.

பின்னச்சில் இன்னொரு வகைச் சோதனை. ஆக்ஸில் ஷாஃப்ட்டின் தட்டை ஹப்போடு சேர்க்கும் ஸ்டட்டுகளில், சரிவாகச் சீவி ஒரு பக்கம் பிளந்த குட்டி வளையங்கள் இறுகிக் கிடக்கும். அவற்றை நெம்பி எடுக்க முடியாது. தட்டின் நடுவில் பெரிய சம்மட்டியால் ஒரே அடி. வளையங்கள் தானே துள்ளி வெளியே வரும். இங்கே வன்மைதான் சரி, தயங்கித் தயங்கித் தட்டினால் வேலை கெடும். பழைய வண்டிகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு எதிர் மரை என்பதையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். தெரியாத பையன் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்பான். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தூளைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதுவது பழக்கமாகிவிட்டது. பழைய பிரேக் லைனர்களில் கல்நார் இருந்தது. அந்தத் தூள் நுரையீரலில் போய்த் தங்கினால் அதன் விளைவு இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் தெரியும். தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து எடுத்தால் போதும். இதை எத்தனை முறை எழுதினாலும் தகும்.

இனி கேஸ். சூட்டின் நியாயம் எளிமையானது. நாற்பது மி.மீ. துளையுள்ள இரும்பை 250 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை 0.12 மி.மீ. விரியும். அவ்வளவே போதும், பின் சூடேறாமல் இருந்தால். விரிந்து சுருங்கும் அசைவில் துருவின் ஓடு உடைந்துவிடுவதால், ஆறிய பிறகும் பயன் உண்டு. இளஞ்சூட்டில் மெழுகுவர்த்தியை இடுக்கின் விளிம்பில் வைத்தால் உருகிய மெழுகை இடுக்கு உறிஞ்சிக்கொள்ளும். இதுவரை பழுதில்லை. பழுது அந்தச் சூட்டை அளப்பதில் இருக்கிறது. தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பில் 220 டிகிரி வாக்கில் வைக்கோல் மஞ்சள் ஏறும், 300இல் நீலம் ஏறும். துருவும் கிரீஸ் கரியும் படிந்த பீமில் இந்த நிறம் எதுவும் தெரியாது. ஓர் இடத்தையாவது எமரித் தாளால் தேய்த்து வெளுப்பாக்கி வைத்தால்தான் தெரியும். அதைச் செய்பவர்கள் குறைவு. பிறகு வரும் மங்கிய சிவப்பு, 500க்கு மேல் தொடங்குவது, இருட்டில்தான் கண்ணுக்குப் படும். தகரக் கொட்டகைக்கு வெளியே, மத்தியான வெயிலில், அந்தச் சிவப்பு சிவப்பாகவே இராது. வெயிலில் நின்றுகொண்டு ‘லேசாகச் சிவந்தது’ என்று ஒருவர் சொன்னால் இரும்பு அதைவிட வெகுதூரம் போயிருக்கிறது என்று பொருள். பீமைத் தயாரிக்கும்போது சூடேற்றி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி அளவாகச் சூடேற்றி அதன் உரத்தைப் படியவைத்திருப்பார்கள். நன்றாகச் சிவக்கும்போது அந்த உழைப்பு மொத்தமும் அந்த ஒரு முனையில் அழிந்துவிடுகிறது. ஸ்டீரிங், முன்னச்சுப் பாகங்களைச் சூடாக்கக் கூடாது என்று தயாரிப்பாளர் கையேடுகள் தடுப்பது இதனால்தான். ஆறிய பிறகு பீம் முன்போலவே இருக்கும். அதே எடை, அதே அளவு, அதே வடிவம். மேலே கறுப்புப் பெயிண்ட் ஒரு கோட்டு. எஃப்.சி.க்குப் போகும் வண்டி பார்வைக்குப் புதுசு.

முதலில் சொன்ன சந்தேகம் இங்கேதான் கனக்கிறது. போல்ட்டு அறுந்தால் தெரியும்; அறுந்த துண்டு கையில் இருக்கும், உள்ளே நின்ற மிச்சத்தின்மேல் ஒரு நட்டை வெல்டு வைத்துத் திருகி எடுத்துவிடலாம். பீமுக்குள் நடந்தது தெரியாது. வண்டி பத்துப் பன்னிரண்டு டன்னைச் சுமந்துகொண்டு தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது தெரிந்தால்தான் உண்டு.

அச்சு எப்படி முறிகிறது என்பதை மனிதர்கள் கற்றுக்கொண்டது பெரிய விலை கொடுத்து. 1842 மே 8 அன்று வெர்சாய் விழாவிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் முன் எஞ்சினில் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எரிந்தன. கதவுகள் வெளியே பூட்டியிருந்தன. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். தென்முனைக் கடல்களில் பயணம் செய்து திரும்பிய கடலோடி துய்மோன் தூர்வில் தன் மனைவி, மகனோடு அதில் இறந்தார். அடுத்த வருடமே ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின், அச்சுகள் ஒரேயடியாக முறிவதில்லை, அளவு மாறும் மூலையில் விரிசல் தொடங்கி நாள்கணக்கில் உள்ளே ஊர்கிறது என்று எழுதினார். பிரஷ்யாவில் வோலர் 1850களின் பிற்பகுதியிலிருந்து 1870 வரை ரயில் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துச் சோதித்தார். ஒரே தடவையில் முறிக்கத் தேவையான பாரத்தைவிட மிகக் குறைவான பாரமே, லட்சக்கணக்கான தடவை வந்தால், முறித்துவிடும் என்று காட்டினார். ஓர் அளவுக்குக் கீழே எத்தனை தடவை வளைந்தாலும் எஃகுக்கு ஒன்றும் ஆகாது என்பதும் அவர் சோதனையில் தெரிந்ததுதான். துருப்பிடித்த எஃகுக்கு அந்த ஆறுதல் இல்லை. துரு அரித்த ஒவ்வொரு குழியும் ஒரு மூலை. ஈரமும் உப்பும் கூடவே இருந்தால், பத்திரமான அளவு என்று ஒன்று இல்லாமலே போய்விடுகிறது. சுத்தியல் முனை பட்ட கொத்தும், உளி இழுத்த கீறலும் அப்படித்தான். கழற்றும்போது விழுந்த காயம் ஓடும்போது வேலை செய்யும்.

இதைக் கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. பெரிய பணிமனைகளில் காந்தத் துகள் சோதனையும், சிவப்புச் சாயம் ஊறவைக்கும் சோதனையும் இருக்கின்றன. அவை இல்லாத இடத்துக்கும் ஒரு முறை உண்டு. ஒரு காலத்தில் ரயில்வே பணிமனைகள் அச்சுகளை அப்படித்தான் பார்த்தன. பீமைத் துரு போகத் தேய்த்துக் கழுவி, துளையைச் சுற்றி மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊறவைக்க வேண்டும். பிறகு சுத்தமாகத் துடைத்து, உலர்ந்த சுண்ணப்பொடியைத் தூவிவிட்டுச் சற்று நேரம் பொறுக்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் திரும்பி ஊறி, வெள்ளைப் பொடியில் இழைபோல் ஒரு கறைக்கோடு விழும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் கோடு இன்னும் தெளியும். பூட்டைத் திறக்க ஊற்றிய அதே மண்ணெண்ணெய், குறுகிய இடுக்கைத் தேடிப் போகும் அதே குணத்தால் சாட்சியும் சொல்கிறது. மேலோட்டமான விரிசல்களை மட்டுமே இது காட்டும். சூட்டில் கெட்ட உரத்தை எந்தப் பொடியும் காட்டாது. அதற்குக் கடினம் அளக்கும் கருவி வேண்டும், அல்லது கேஸ் பிடித்தவரின் உண்மை வேண்டும்.

உண்மை சொல்வதும் லேசு இல்லை. புது பீமின் விலையைச் சொன்னால் வண்டிக்காரர் அடுத்த பட்டறைக்குப் போவார்; அங்கே யாரும் பொடி தூவிப் பார்ப்பதில்லை. கழித்த பீம் எடைக்குப் போனாலும் அதோடு முடிவதில்லை. சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் நல்ல பாகமும் கெட்ட பாகமும் ஒரே கறுப்புப் பெயிண்ட்டில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். அங்கே தேடி எடுத்து, முடங்கிக் கிடந்த வண்டியை ஓட வைத்த ஏழை ஓட்டுநர் உரிமையாளர்கள் ஏராளம். அந்தச் சந்தையைக் குறை சொல்ல எவருக்கும் மனம் வராது. ஆனால் ஒரு பாகம் ஏன் அங்கே வந்தது என்ற சேதி அதோடு வருவதில்லை. விமானத் துறையில் ஆயுள் முடிந்த பாகத்தை எடைக்குப் போடுமுன் மறுபடி பொருத்த முடியாதபடி சிதைத்துவிடும் வழக்கம் உண்டு. லாரி அச்சுக்கு அதைக் கேட்பது அதிகமில்லை. சிவக்கச் சுட்டது என்று தெரிந்த பீமை, பொடியில் கோடு விழுந்த பீமை, இரும்புக் கடைத் தராசில் ஏற்றுவதற்கு முன் துளையின் குறுக்கே கேஸ் வைத்து இரண்டாக அறுத்துவிட வேண்டும். எடைக்கு அதே காசுதான் கிடைக்கும். அறுக்கப் பத்து நிமிடமும் கொஞ்சம் ஆக்சிஜனும் செலவு. அதையும் பில்லில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளலாம்.